வாசலைத் திறந்தவர் யார்?



2025 பிப்ரவரி இறுதியில், ரமளானுக்குச் சில நாட்களே இருந்த வேளையில், தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் ஓர் உறவினர் இல்லத் திருமணத்திற்குச் சென்றிருந்தேன். நிக்காஹ் முடிந்து, விருந்துண்டு, பந்தலில் அமர்ந்து பேசிக் கொண்டிருந்தோம். கல்லூரியில் படிக்கும் இளைஞர் ஒருவர் தம் கைப்பேசியில் வந்த செய்தியைப் பாட்டனாரிடம் உரக்கப் படித்தார். “நன்னா, நம் நாட்டுத் தேர்தலுக்காக அமெரிக்கா 2 கோடியே 10 லட்சம் டாலர் அனுப்பியதாம்!”

பந்தல் கலகலத்தது. ஒருவர் ஒரு கட்சியின் பெயரைச் சொன்னார். மற்றொருவர் இன்னொரு கட்சியைச் சொன்னார். மூன்றாமவர், ஏழைப் பிள்ளைகளின் படிப்பிற்காக நன்கொடை திரட்டி வரும் ஒருவர் எதிரே அமர்ந்திருப்பதைச் சுட்டி, “இவர் கைக்கும் கொஞ்சம் வந்திருக்கும்!” என்றார். அனைவரும் சிரித்தனர். அந்த மனிதர் சிரிக்கவில்லை. சற்று நேரத்தில் எழுந்து போய்விட்டார்.

பெரியவர் என்னை நோக்கி, “பத்திரிகையில் எழுதுகிறவராயிற்றே நீங்கள், இது மெய்தானா?” என்றார். “அறியேன் மாமு, விசாரித்துச் சொல்கிறேன்” என்றேன். விசாரித்து அறிந்ததையே இம்மாதம் உங்கள் முன் வைக்கிறேன்.

செய்தியின் கதை

அமெரிக்க அரசின் செலவைக் குறைப்பதற்கென அங்கு அமைக்கப்பட்ட துறை, 2025 பிப்ரவரி 16 அன்று தான் ரத்து செய்த உதவித் தொகைகளின் பட்டியலை வெளியிட்டது. ‘இந்தியாவில் வாக்குப்பதிவை உயர்த்த 2 கோடியே 10 லட்சம் டாலர்’ என்பது அதில் ஒரு வரி. அதிபர் டிரம்ப் அதனைப் பல மேடைகளில் எடுத்துக் கூறினார். இங்கோ, ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒன்றையொன்று குற்றம் சாட்டின. இந்தத் தொகை இந்தியாவுக்கானதே அன்று, 2022இல் வங்காளதேசத்திற்கென ஒதுக்கப்பட்டது என்று ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ நாளேடு ஆவணங்களைக் காட்டி எழுதியது. நம் நிதி அமைச்சகத்தின் 2023-24 ஆண்டறிக்கையில், அமெரிக்க உதவி நிறுவனத்தோடு சேர்ந்து நடைபெற்ற 75 கோடி டாலர் மதிப்பிலான ஏழு திட்டங்கள் குறிக்கப்பட்டுள்ளன. வேளாண்மை, குடிநீர், சுகாதாரம், எரிசக்தி போன்றவையே அவை, வாக்குப்பதிவுக்கென்று ஒன்றுமில்லை. 2014 முதல் 2024 வரையிலான ஆண்டுகளில் அப்படியொரு தொகை இந்தியாவில் பெறப்படவும் இல்லை, வழங்கப்படவும் இல்லை என்று அமெரிக்கத் தூதரகம் தெரிவித்திருப்பதாக, 2025 ஆகஸ்டில் வெளியுறவு அமைச்சகம் மாநிலங்களவையில் பதிலளித்தது.

ஆக, அந்தப் பந்தலில் நம்மவர் ஒருவர் தலைகுனிந்தது, ஆதாரம் ஏதும் காட்டப்படாத ஒரு வரிக்காக!

அவ்வாறாயின் அந்நியத் தலையீடு என்பதே கற்பனையா? இல்லை. 1970களில் இந்தியாவில் அமெரிக்கத் தூதராக இருந்த டேனியல் பாட்ரிக் மொய்னிஹான், பதவி விலகியபின் 1978இல் வெளியிட்ட நூலில், கேரளத்திலும் மேற்கு வங்கத்திலும் கம்யூனிஸ்டுகளை எதிர்ப்பதற்காகத் தம் நாடு இருமுறை காங்கிரசுக்குப் பணம் கொடுத்ததென எழுதினார். 2005இல் வெளியான மித்ரோகின் ஆவண நூலோ, சோவியத் உளவுத் துறை இந்நாட்டு அரசியல்வாதிகளுக்குப் பணம் கொடுத்ததாகக் கூறியது. குற்றம் சாட்டப்பட்ட கட்சிகள் அவற்றை மறுத்தன. எனினும் இரு வல்லரசுகளும் நம் தேர்தலில் கண் வைத்திருந்தன என்பதில் ஐயமில்லை.

மண் சொல்லும் பாடம்

அந்நியன் எவ்வாறு உள்ளே வருகிறான்? பாப்பாரப்பட்டி மண்ணிடம் கேட்டால் அதுவே விடை கூறும். நாம் திருமணப் பந்தலில் அமர்ந்திருந்த அந்தப் பகுதி, பாராமகால் என்று அழைக்கப்பட்ட சீமையைச் சேர்ந்தது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையின்படி அது திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனிக்குப் போயிற்று. திப்புவை எதிர்த்த அப்போரில் கம்பெனி தனியே நின்றதா? இல்லை. நிஜாமும் மராட்டியரும் அதனோடு தோள் சேர்த்து நின்றனர்.

அதற்கு நாற்பதாண்டுகளுக்கு முன் ஆர்க்காட்டு நவாப் பதவிக்கு இருவர் போட்டியிட்டனர். சந்தா சாஹிப் பிரெஞ்சுக்காரரின் துணையை நாடினார். முஹம்மது அலி ஆங்கிலேயரின் துணையை நாடினார். இருவரும் நம்மவரே. 1752இல் சந்தா சாஹிப் கொல்லப்பட்டார். வென்ற முஹம்மது அலியோ ஆங்கிலேயரிடம் பட்ட கடனில் மூழ்கினார். அவருடைய வழிவந்தோர் காலத்தில், 1801இல், கர்நாடகத்தின் ஆட்சியையே கம்பெனி எடுத்துக் கொண்டது. தேர்தல் இல்லாத அக்காலத்தில் ‘யார் ஆள்வது’ என்ற கேள்விக்கு அந்நியன் விடை எழுதிய வரலாறு இது. பேனாவை அவன் கையில் கொடுத்தவர்கள் நம் முன்னோர்கள்.

இதே பாப்பாரப்பட்டியில்தான் 1925 ஜூலை 23 அன்று தியாகி சுப்பிரமணிய சிவா கண் மூடினார். வ.உ.சி.யுடன் 1908இல் சிறை புகுந்தவர் அவர். சிறையில் தொழுநோய்க்கு ஆளானவர். ரயிலில் ஏறக் கூடாதென்று அந்நிய அரசு தடுத்ததால் கால்நடையாகவே ஊர் ஊராய்ச் சென்று விடுதலை பேசியவர். இந்நாட்டில் வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்து முதல் பொதுத்தேர்தல் நடந்தது 1951-52இல். அதனைக் காண அவர் இல்லை. அவர் காணாத அந்த உரிமையை இன்று நாம் எத்தனை மலிவாக எண்ணுகிறோம்!

பணம் வரும் வழி

வேலி போடுவதற்குச் சட்டம் இல்லாமலில்லை. அரசியல் கட்சிகளும் வேட்பாளர்களும் வெளிநாட்டு நன்கொடை பெறக் கூடாதென்று 1976ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் தடை செய்தது. 2010இல் வந்த புதிய சட்டமும் அவ்வாறே கூறுகிறது.

ஆனால் நடந்தது யாது? 2014 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றம், வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் ஆளுகைக்குட்பட்ட ஸ்டெர்லைட், சேசா ஆகிய கம்பெனிகளிடமிருந்து நன்கொடை பெற்றதன் வாயிலாக, காங்கிரஸ், பாரதிய ஜனதா ஆகிய இரு கட்சிகளும் சட்டத்தை மீறியதாகத் தீர்ப்பளித்தது. கட்சிகள் பணத்தைத் திருப்பித் தந்து திருந்தியிருக்க வேண்டும். மாறாக, சட்டம் திருத்தப்பட்டது! 2016, 2018ஆம் ஆண்டுகளின் நிதிச் சட்டங்கள் வாயிலாக ‘வெளிநாட்டு மூலம்’ என்பதன் பொருளே மாற்றப்பட்டது. அதுவும் 1976 ஆகஸ்ட் 5 முதலே செல்லும் என்று, நாற்பதாண்டுகளுக்கும் மேல் பின்னோக்கி! 2018இல் அது மக்களவையில் விவாதமின்றியே நிறைவேறியது. எல்லாவற்றிலும் சண்டையிட்டுக் கொள்ளும் கட்சிகள் இதில் மட்டும் சண்டையிட்டுக் கொள்ளவில்லை.

அடுத்துத் தேர்தல் பத்திரங்கள் வந்தன. கொடுத்தவர் யார் என்பதை மக்கள் அறிய முடியாத ஏற்பாடு அது. போலிக் கம்பெனிகள் வழியே வெளிநாட்டுப் பணம் தடையின்றி நுழையக் கூடும் என்று தேர்தல் ஆணையமே எச்சரித்திருந்தது. 16,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட பத்திரங்கள் விற்ற பின்னர், 2024 பிப்ரவரி 15 அன்று உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அதனைச் செல்லாது என்றனர். வாக்களிப்பவருக்கு அறியும் உரிமை உண்டு என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இப்போது சொல்லுங்கள். ஏழைப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கித் தருபவரை நோக்கி விரல் நீட்டினோமே, விரல் நீள வேண்டிய திசை எது?

வெளிநாட்டில் உறவினர் உள்ள இல்லத்தார் ஒன்றை அறிந்திருத்தல் நலம். வளைகுடாவில் பணிபுரிந்தாலும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் இந்தியக் குடிமகனே. அவர் தம் சேமிப்பிலிருந்து தருவது வெளிநாட்டு நன்கொடையாகாது. உரியபடி பதிவு செய்துகொண்டால், ஊருக்கு நேரில் வந்து வாக்களிக்கவும் 2011 முதல் அவருக்கு வழியுண்டு. ஆனால் சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளின் குடியுரிமை பெற்றுவிட்டவர், நல்லெண்ணத்தோடேயாயினும், இங்குள்ள அரசியல் கட்சிக்குப் பணம் அனுப்புவது சட்டப்படி குற்றம்.

மனத்தின் வாசல்

வாக்குப்பதிவு இயந்திரம் எந்த வலையமைப்போடும் இணைக்கப்படுவதில்லை. பொத்தானை அழுத்தியதும் நாம் தேர்ந்த சின்னம் பொறித்த சீட்டு ஏழு விநாடி கண்ணுக்குத் தெரிகிறது. அந்தச் சீட்டை நின்று பார்ப்பது நம் கடமை. எனினும் இன்று அந்நியன் இயந்திரத்தைத் தேடி வருவதை விட, அதனை அழுத்தும் விரலுக்குப் பின்னாலுள்ள மனத்தைத் தேடி வருவதே எளிது.

2024 மே மாதம் நம் நாட்டில் மக்களவைத் தேர்தல் நடந்து கொண்டிருந்தபோது, இஸ்ரேலைச் சேர்ந்த ஒரு வணிக நிறுவனம் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு, ஆளுங்கட்சியை இகழ்ந்தும் எதிர்க்கட்சியைப் புகழ்ந்தும் கருத்துகளை உருவாக்கத் தொடங்கியதாகவும், 24 மணி நேரத்திற்குள் அதைத் தடுத்ததாகவும் ஓப்பன்ஏஐ நிறுவனம் அறிவித்தது. அதே மாதத்தில், சீனாவிலிருந்து இயங்கிய போலிக் கணக்குகள் சீக்கியர்களைப் போல் வேடமிட்டுப் பேசி வந்ததைக் கண்டு நீக்கியதாக, ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் கூறியது. ருமேனியாவிலோ, சமூக ஊடகம் வழியே நடந்த மறைமுகப் பிரசாரத்தைக் காரணம் காட்டி, அதிபர் தேர்தலின் முதல் சுற்றையே 2024 டிசம்பர் 6 அன்று அந்நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம் ரத்து செய்தது.

இவற்றிலிருந்து நாம் பெறும் பாடம் இரண்டு. நம் மனத்திற்கு இனிய செய்தியும் அந்நியன் சமைத்ததாயிருக்கலாம். நம்மவர் பெயரைத் தாங்கி, ஸலாம் கூறித் தொடங்கும் செய்தியும் நம்மவர் எழுதாததாயிருக்கலாம்.

இதற்கு மருந்து நம்மிடமே உள்ளது. ஹதீஸ் கலை வல்லுநர்கள் ஒரு செய்தியைக் கேட்டால் முதலில் வினவியது, ‘யாரிடமிருந்து கேட்டீர்? அவர் யாரிடமிருந்து கேட்டார்?’ என்பதுதான். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் தயங்கி நின்றனர். அந்த மரபில் வந்த நாம், ‘வந்ததை அனுப்பினேன்’ என்று கூறலாமா? ஆகவே சகோதரிகளே, சகோதரர்களே! அனுப்பியவர் அறிந்தவராயிருப்பது போதாது. முதலில் கூறியவர் யார் என்று கேளுங்கள். விடை கிடைக்காவிடின், அச்செய்தி உங்கள் கைப்பேசியோடு நிற்கட்டும். வாக்கு ஓர் அமானிதம். அதனைப் பணத்திற்கு விற்பவரும், புரளிக்குக் கொடுப்பவரும் வாசலைத் திறந்து வைப்பவர்களே.

இவ்விவரங்களையெல்லாம் சேகரித்தபின் பாப்பாரப்பட்டிப் பெரியவரிடம் தொலைபேசியில் கூறினேன். நெடுநேரம் மௌனமாயிருந்தார். பின்னர், “சரி தம்பி, பொய் என்று தெரிந்துவிட்டது. அன்று பந்தலில் சிரித்தோமே, அவரிடம் போய் மன்னிப்புக் கேட்பது யார்?” என்றார். எனக்கு விடை வரவில்லை. சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

மறுவாரம் அஸர் தொழுகைக்குப் பின், பெரியவரும் நானும் அவர் வீட்டுப் படியேறினோம்.

வஸ்ஸலாம்.