மணப்பெண் ஏன் அழுதாள்?

தை பிறந்து ஒரு வாரம். டெல்லியில் நண்பனின் பெண்ணுக்குக் கல்யாணம். வெளியே எதிரில் வருகிற ஆள் தெரியாத பனிமூட்டம். மண்டபத்துக்குள் நான்கு மூலையிலும் ஆளுயர ஹீட்டர்கள். நடுவில் ஹோமப் புகை.

அப்பா மடியில் உட்கார்ந்திருந்த மணப்பெண்ணின் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கண்ணீர். "பொண்ணுக்கு அப்பான்னா உசிரு!" என்று பக்கத்து நாற்காலி மாமி மூக்கை உறிஞ்சினார். வீடியோக்காரர் ஓடிப்போய் குளோசப் எடுத்தார். எதற்கு மறைக்க வேண்டும், எனக்கே தொண்டை அடைத்தது.

சாப்பாட்டுப் பந்தி முடிந்தபின்தான் உண்மை தெரிந்தது. "பாசமெல்லாம் இருக்கு அங்கிள். ஆனா அது அழுகை இல்ல. கண்ணு எரியுது. திறக்கவே முடியல" என்றாள் அந்தப் பெண். இரண்டு இமையும் வீங்கி, வெள்ளை விழி செக்கச்செவேல் என்றிருந்தது.

காரணம், முந்தைய நாள் மாலை பார்லரில் ஒட்டிக்கொண்ட இமை முடி. ஐலாஷ் எக்ஸ்டென்ஷன்.

"அது ஒண்ணும் இல்லண்ணா. குளிர் காலத்துல எல்லாருக்கும் கண்ணு எரியறது சகஜம்தான், ரெண்டு நாள்ல செட் ஆயிடும்னு பார்லர்ல சொன்னாங்க" என்றார் பெண்ணின் அம்மா.

இந்த 'சகஜம்' என்ற வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: நம் மேல் இமையில் சுமார் 90 முதல் 150 முடிகள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றின் மேலும் ஒரு செயற்கை முடியை, சில சமயம் ஒரு கொத்தையே, பசை வைத்து ஒட்டுவார்கள். இரண்டு மணி நேர வேலை. செலவு சில ஆயிரங்கள். சொந்த முடி உதிரும்போது ஒட்டியதும் சேர்ந்து உதிர்ந்துவிடும். அதனால் இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒரு முறை 'ரீஃபில்'. பி.காம். படித்தவன் என்பதால் சொல்கிறேன், இவ்வளவு வேகமாகத் தேய்மானம் ஆகும் சொத்தை நான் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

பசை என்ன பசை? சயனோஅக்ரிலேட். உடைந்த பொம்மையை ஒட்ட அரை நிமிஷத்தில் காயும் ஒரு பசை வைத்திருக்கிறோமே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இந்தப் பசை சிதையும்போது ஃபார்மால்டிஹைடு வெளியாகும். பிணத்தைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் இருப்பதும் அதேதான். இமை முடி ஒட்டிக்கொண்டு கண் நோயோடு வந்த 100க்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றி ஜப்பானியக் கண் மருத்துவர்கள் 2012இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கருவிழி அழற்சி, இமையில் ஒவ்வாமை என்று ஒரு பட்டியலே அதில் இருக்கிறது. அவர்கள் சோதித்துப் பார்த்த பசைகளில் ஃபார்மால்டிஹைடு இருந்தது.

சரி, குளிர் மேல் பழி போட்டார்களே, அது முழுப் பொய்யா? இல்லை. பாதி உண்மை. அதனால்தான் அது ஆபத்தான பொய்.

குளிர்ந்த காற்றால் அதிக ஈரத்தைச் சுமக்க முடியாது. அதே காற்றை ஹீட்டரால் சூடாக்கினால் சூடுதான் கூடுமே தவிர ஈரம் கூடாது. தாகம் எடுத்த அந்தக் காற்று உதடு, தோல், கண் என்று கிடைத்த இடத்தில் ஈரத்தை உறிஞ்சும். கண்ணீர் ஆவியாகாமல் காப்பது அதன் மேல் இருக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலம். இமை ஓரத்துச் சுரப்பிகள்தான் அந்த எண்ணெயைத் தருகின்றன. கண் ரொம்ப வறண்டால் உடம்பு பதறிப்போய் கண்ணீரைக் கொட்டும். மாமி பார்த்து உருகிய பாசக் கண்ணீர் இதுதான்.

இதில் இன்னொரு வேடிக்கை. சயனோஅக்ரிலேட் பசை காய்வதற்கே காற்றில் ஈரம் வேண்டும். ஹீட்டர் போட்ட வறண்ட அறையில் அது மெதுவாகத்தான் காயும். அதுவரை அதன் ஆவி கண்ணருகிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஆக, குளிர் காலத்தில் கண் எரியும் என்று தெரிந்த பார்லர்காரர் இரட்டிப்பு ஜாக்கிரதையாக அல்லவா இருக்க வேண்டும்? அவரோ அதையே சால்ஜாப்பாக்கிவிட்டார்!

இமை முடி நீளமாக இருந்தால் கண்ணுக்குப் பாதுகாப்பு என்றும் சிலர் விற்கிறார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் 2015இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 22 வகைப் பாலூட்டிகளின் இமை முடியை அளந்தார்கள். கண்ணின் அகலத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் அந்த முடிகளின் நீளம். செயற்கைக் கண் செய்து காற்றை வீசிப் பார்த்தபோது, அந்த அளவில்தான் கண்ணுக்குள் தூசி விழுவதும் ஈரம் ஆவியாவதும் குறைவாக இருந்தன. அதைவிட நீண்டால்? புனல் மாதிரி காற்றைக் கண்ணுக்குள் திருப்பிவிடுகிறது. இயற்கை கணக்குப் பார்த்து வைத்த அளவை நாம் காசு கொடுத்து மாற்றுகிறோம்.

கல்யாணப் பெண்ணுக்குப் பார்லர் போட்ட உத்தரவுகளையும் கேளுங்கள். 24 மணி நேரம் கண்ணில் தண்ணீர் படக்கூடாது. எண்ணெய் பட்டால் பசை விட்டுவிடும், ஆகவே எண்ணெய் வேண்டாம். கிண்ணத்தில் நல்லெண்ணெயோடு காத்திருந்த அத்தை, கன்னத்தில் மட்டும் தொட்டு வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். ஹோமப் புகை, டெல்லித் தூசி, மஸ்காரா மூன்றும் இமை ஓரத்தில் படிந்தன. பசை விட்டுவிடுமே என்ற பயத்தில் பெண் முகமே கழுவவில்லை. கழுவாத இமையில் அழுக்கும் கிருமியும் சேரும், எண்ணெய்ச் சுரப்பி அடைபடும், வறட்சி இன்னும் கூடும்.

எரிச்சல் தாங்காமல் ராத்திரி நாலு முடியைப் பிய்த்து எடுத்திருக்கிறாள். சொந்த முடியும் கையோடு வந்துவிட்டது. மறுநாள் கண் டாக்டர் பார்த்துவிட்டு, ஒவ்வாமையோடு கருவிழியில் கீறலும் இருப்பதாகச் சொன்னார். ரிசப்ஷனில் அந்தப் பெண் நின்றது கூலிங் கிளாஸோடு. ஜனவரி மாத டெல்லியில், ராத்திரி எட்டு மணிக்கு! இரண்டு வாரத்தில் கண் சரியானது. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இருக்காது.

அந்தப் பசை பாட்டிலை வாங்கி வரச் சொல்லிப் பார்த்தேன். பளபள லேபிள். என்ன கலந்திருக்கிறது என்று ஒரு வரி இல்லை. அழகுக்காக உடம்பில் தடவுவது எல்லாமே நம் சட்டப்படி காஸ்மெட்டிக்தான். 2020இல் வந்த விதிகள், என்னென்ன சேர்த்திருக்கிறது என்று லேபிளில் எழுதச் சொல்கின்றன. யார் பார்க்கிறார்கள்?

அமெரிக்காவில் 1933இல் 'லாஷ் லூர்' என்ற இமைச் சாயத்தால் சில பெண்களுக்குப் பார்வை போனது. ஒருவர் இறந்தே போனார். அதைத் தடுக்க அன்று அங்கே சட்டம் இல்லை. 1938இல் காஸ்மெட்டிக்ஸையும் சேர்த்துப் புதுச் சட்டம் வந்தது. நம்மிடம் சட்டம் இருக்கிறது. கண் போவதற்காகக் காத்திருக்கிறோமா?

"பொம்பளைங்க அலங்காரத்தைப் பத்தி ஆம்பளைக்கு என்னய்யா பேச்சு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அலங்காரம் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆசைப்பட்டதை ஒட்டிக்கொள்ளும் உரிமை அந்தப் பெண்ணுக்கு இருக்கிறது. எதை வைத்து ஒட்டுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் உரிமையும் இருக்கிறது. வாஷிங் மெஷின் வாங்கும்போது நூறு கேள்வி கேட்கும் நாம், கண்ணுக்கு மேல் பசை வைப்பவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. 'அழகுன்னா கொஞ்சம் எரியத்தான் செய்யும்' என்று பெண்களுக்குக் காலம்காலமாகப் பாடம் நடத்தியிருக்கிறோம். பார்லர் விளம்பரத்தைப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டு அழகுக் குறிப்பு வெளியிடும் என் தொழிலுக்கும் இதில் பங்கு உண்டு.

ஆகவே, ஒட்டியே தீருவேன் என்பவர்களுக்குச் சில வார்த்தைகள். கல்யாணத்துக்கு முதல் நாள் ஒட்டாதீர்கள். முதலில் இரண்டு, மூன்று முடி மட்டும் ஒட்டி, ஓரிரு நாள் பொறுத்துப் பாருங்கள். பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள், காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். குட்டையான, லேசான முடியே போதும். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். பசை காய்ந்து கெடு முடிந்ததும் இமை ஓரத்தைத் தினமும் சுத்தம் செய்யுங்கள். ஹீட்டர் காற்று முகத்தில் நேராக அடிக்க வேண்டாம். பிய்க்காதீர்கள், தெரிந்தவரிடம் போய் எடுங்கள். வலி, பார்வை மங்கல், வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம் இருந்தால் பார்லருக்குப் போன் செய்யாதீர்கள். நேராகக் கண் டாக்டரிடம் போங்கள்.

கல்யாண வீடியோ வந்துவிட்டது. அந்த குளோசப்புக்குப் பின்னணியில் சோகமாக ஷெனாய் வாசிக்கிறார்கள். பார்க்கிறவர்கள் எல்லோரும் அழுகிறார்கள். அந்தப் பெண் மட்டும் அந்த இடம் வந்ததும் எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.