சாமி பயம் யாருக்கு இருக்கிறது?

"சாமி பயம் போச்சு, அதான் ஊரு கெட்டுப் போச்சு." டீக்கடை பெஞ்சிலிருந்து பள்ளி ஆண்டுவிழா மேடை வரை இதைக் கேட்காதவர்கள் நம்மில் யாரும் இருக்க முடியாது. சமூகவியல் வகுப்பில் இதையே கொஞ்சம் நாகரிகமாகச் சொல்லித் தருவார்கள்: மதம் மனிதர்களை ஒரே அறச் சமூகமாகக் கட்டுகிறது என்றார் எமில் துர்கைம். சரி, கட்டுகிறது. யாரை வெளியே நிறுத்திவிட்டுக் கட்டுகிறது என்பதுதான் சேரியிலிருந்து கேட்கவேண்டிய கேள்வி. பரீட்சையில் அது வருவதில்லை.

விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியை எடுத்துக்கொள்வோம். திரௌபதி அம்மன் கோயில். 2023 ஏப்ரல் திருவிழாவின்போது கோயிலுக்குள் போன தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். பேச்சுவார்த்தைகள் தோற்றன. ஜூன் மாதம் வருவாய்த்துறை கோயிலுக்கு சீல் வைத்தது. பிறகு உயர்நீதிமன்ற உத்தரவால் பூசாரி மட்டும் உள்ளே போய்ப் பூசை செய்தார், மக்கள் யாருக்கும் அனுமதியில்லை. 2025 ஏப்ரலில்தான், அதுவும் போலீஸ் காவலோடு, நம் மக்கள் உள்ளே நின்று கும்பிட முடிந்தது.

இதில் மறித்து நின்றவர்கள் நாத்திகர்களா? திரௌபதி அம்மன் வழிபாடு என்றாலே காப்புக் கட்டு, விரதம், தீமிதி. நெருப்பில் கால் வைக்கிற அளவுக்கு நம்பிக்கை உள்ளவர்கள். பக்கத்துத் தெருப் பையன் தன் பக்கத்தில் நின்று கும்பிடுவதை மட்டும் அந்த நம்பிக்கையால் தாங்க முடியவில்லை. அம்மன் பூட்டிய கதவுக்குள் இருந்தாலும் பரவாயில்லை, அவர்களோடு பங்குபோட முடியாது என்று நின்றார்கள். சாமி பயம் இருந்திருந்தால் முதலில் இதற்குத்தானே பயந்திருக்கவேண்டும்?

இந்து மதத்தின் கோளாறு இது, எங்களிடம் இல்லை என்று சொல்லும் நண்பர்கள் எறையூருக்குப் போய்வரட்டும். கத்தோலிக்க ஊர். ஒரே தேவாலயம், ஒரே நற்கருணை. தலித் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் தனிக் கல்லறை, தனிச் சவ வண்டி. எங்களுக்குத் தனிப் பங்கு கொடுங்கள் என்று அவர்கள் கேட்டபோது, 2008 மார்ச்சில் அவர்களுடைய வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டது, இருவர் இறந்தார்கள். ஞாயிறுதோறும் 'பிறரை அன்பு செய்' என்று கேட்டு வளர்ந்த ஊர்தான் அது.

நல்ல பக்தர்களே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துப்போன வைத்தியநாத ஐயர் பழுத்த பக்தர். அதை எதிர்த்துக் கொதித்தவர்களும் பழுத்த பக்தர்கள்தான். ஒரே சாமி, இரண்டு எதிரெதிர் நியாயங்கள். அப்படியென்றால் அந்த வேறுபாட்டை உண்டாக்கியது பக்தி அல்ல. நுழைந்தவர்கள் மீதும் நுழையவிட்டவர்கள் மீதும் வழக்குப் பாயாமல் இருக்க அன்றைய அரசு அவசரமாகச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அன்றிலிருந்து அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு, 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரை, ஒவ்வொரு கதவையும் தள்ளித் திறந்தது போராட்டமும் சட்டமும். பூசை அல்ல.

1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் அண்ணல் இதை நேராகவே சொல்லிவிட்டார். சாதி இந்துக்கள் கெட்டவர்களாக இருப்பதால் சாதியைக் கடைப்பிடிக்கவில்லை, ஆழ்ந்த மதப்பற்று உள்ளவர்களாக இருப்பதால்தான் கடைப்பிடிக்கிறார்கள் என்பது அவர் வாதம். அந்த உரையைப் பேச அழைத்த லாகூர் சீர்திருத்தக்காரர்களே கூட்டத்தை ரத்து செய்தார்கள். அவர்களுக்கு அவ்வளவு சுட்டது.

ஆனால் அவர் மதத்தையே வேண்டாம் என்று சொல்லவில்லை. இதை நம் நாத்திகத் தோழர்கள் வசதியாகத் தாண்டிப் போகிறார்கள். 1956இல் நாக்பூரில் லட்சக்கணக்கானவர்களோடு அவர் ஏற்ற பௌத்தத்தில், படைத்த கடவுளின் இடத்தில் அறம் உட்கார்ந்திருக்கிறது. மதத்தை அறத்தால் அளக்கவேண்டும் என்பதுதான் அவர் கணக்கு. நாம் இங்கே தலைகீழாக அளந்துகொண்டிருக்கிறோம். கடவுள் இல்லை என்று மேடையில் முழங்கிவிட்டு, மகளுக்குச் சொந்த சாதியில் மாப்பிள்ளை தேடும் ஆட்களையும் நாம் பார்க்காமலா இருக்கிறோம்? நம்பாமல் இருப்பதும் தானாக யாரையும் யோக்கியனாக்கிவிடாது.

மாலை வகுப்புப் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது வேறு: "அக்கா, நம்மள வேணாங்கிற சாமிய நாம ஏன் போய்க் கும்பிடணும்?" நியாயமான கோபம். காலாராம் கோயில் வாசலில் 1930இல் போராட்டம் தொடங்கியவர், 1935இல் இயோலாவில் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். ஆனால் அந்த வாசலில் நின்றது தரிசனத்துக்காக அல்ல, உரிமைக்காக. உள்ளே போவதும் போகாததும் நம் விருப்பமாக இருக்கவேண்டும், அவர்கள் விருப்பமாக அல்ல.

எனவே தோழர்களே, எங்கள் ஊர் பக்தியான ஊர் என்று அடுத்த முறை யாராவது பெருமை பேசினால் கடவுளைப் பற்றி வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள். உங்கள் ஊரில் எத்தனை சுடுகாடு, தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது, கோயில் கமிட்டியில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள்.