உடல் சுரப்பதெல்லாம் அமுதமல்ல

உடல் தானே சுரக்கும் மகிழ்ச்சி வேதிப்பொருள்கள் ஒருபோதும் கெடுதல் செய்யாது என்ற வாதம் ஆபத்தானது. குடலில் தோன்றும் கார்சினாய்டு கட்டி கல்லீரலுக்குப் பரவும்போது, அது அளவின்றிக் கொட்டும் செரட்டோனின் இதயத்தின் வலப்பக்க வால்வுகளைத் தடிக்கவைத்துச் செயலிழக்கச் செய்கிறது. இடப்பக்க வால்வுகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. ரத்தம் அங்கே போய்ச் சேருமுன் நுரையீரல் செரட்டோனினைச் சிதைத்துவிடுகிறது. குற்றவாளி யார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

அது நோய், இயற்கையல்ல என்பார்கள். நோயிலும் சுரப்பது அதே மூலக்கூறுதான். கட்டியே இல்லாத இடத்துக்கும் வருவோம்: பிறவியிலேயே வலி உணராத சிலரிடம் உடலின் சொந்த ஓபியாய்டுகளும் அந்த மரத்துப்போதலுக்குத் துணைநிற்கின்றன. 2015இல் வெளியான ஆய்வில், அவற்றைத் தடுக்கும் நலாக்சோன் செலுத்தப்பட்ட அத்தகைய பெண் ஒருவர் வலியை உணர்ந்தார். இந்தக் குறையோடு பிறக்கும் குழந்தைகள் தங்கள் நாக்கையே கடித்துக் குதறிக்கொள்கிறார்கள். எலும்பு முறிந்த காலோடு நடக்கிறார்கள்.