முன்னறையும் வடக்குச் சுவரும்

கொச்சி மட்டாஞ்சேரிக்குப் போயிருந்தேன். 1568இல் கட்டிய பரதேசி யூதர் ஜெபக்கூடம். எல்லாரும் தரையில் பதித்த சீன ஓடுகளைப் பார்த்தார்கள். எனக்குப் பார்வை முன்னறையிலேயே நின்னுபோச்சு. விடுதலையான அடிமைகளின் வாரிசுகளை உள்ளே உட்கார விடாமல் வெள்ளை யூதர்கள் நிறுத்திவைத்த இடம் அது. 1462இல் ஃபிராங்ஃபர்ட் நகரம் யூதர்களைத் தனித்தெருவில் அடைத்தது. ஸ்பெயின் அவர்களைத் துரத்தியது. துரத்தப்பட்டவன் வந்து சேர்ந்த ஊரில் தனக்குக் கீழே ஒரு படி கட்டிக்கொண்டான். அந்த வாரிசுகளில் ஒருவரான ஆபிரகாம் பராக் சேலம் வக்கீலுக்குப் படித்தார், சத்தியாக்கிரகம் செய்தார், கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இடம் வாங்கினார்.

புதுச்சேரி திரும்பினால் மிஷன் வீதியில் சம்பா கோயில். இதே இடத்தில் இருந்த பழைய கோயிலில் வடக்குப் பக்கம் சுவர் வைத்துச் சேரிக் கிறிஸ்தவர்களைப் பிரித்திருந்தார்கள். 1745 அக்டோபரில் சேரி ஜனங்கள் திரண்டு போய்ப் பெரிய சாமியாரிடம் நியாயம் கேட்டார்கள். சுவர் இடிந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் இருக்கிறது.

பிரெஞ்சுக்காரன் வீட்டு மஞ்சள் சுண்ணாம்பு பாரம்பரியமாம். நம்ம முப்பாட்டன்கள் இடிக்க வைத்த சுவர் மட்டும் பாரம்பரியம் இல்லையா? கட்டினவன் கதை கல்லில் நிற்குது. இடிச்சவன் கதை ஒரு துபாஷியின் காகிதத்தில் கிடக்குது.

263 ஆண்டு கழித்து, 2008இல் உத்தப்புரத்தில் மறுபடி ஒரு சுவரை இடிக்க வேண்டியிருந்தது. அதுவும் ஒரு பகுதிதான்.

தோழர்களே, ஊர் சுற்றிக்காட்டும்போது அந்த வடக்குப் பக்கம் கொஞ்சம் நில்லுங்கள். இங்கே ஒரு சுவர் இருந்தது, நாங்க கேட்டோம், விழுந்தது என்று சொல்லுங்கள்.