துறவிகள் ஒப்படைத்த பாடசாலைகள்

ஓர் அறநிலையத்தை ஆக்குதல் அரிது. ஆக்கியதைக் காத்தல் அதனினும் அரிது. காத்ததை உரிய காலத்திற் பிறர் கையில் ஒப்புவித்து விலகுதலோ எல்லாவற்றினும் அரிது. பெற்ற மகனிடம் பெட்டகத்தின் திறவுகோலைக் கொடுப்பதற்கே தந்தை தயங்கும் உலகம் இது. இத்தகைய உலகிலே, இரு நூற்றாண்டுகளாகத் தாம் கட்டி வளர்த்த பாடசாலைகளின் ஆட்சிப் பொறுப்பை ஒரு துறவற சபையார் 2008ஆம் ஆண்டில் வேறோர் அமைப்பிடம் ஒப்படைத்தனர். அவர்கள் அயர்லாந்து தேசத்துக் கிறிஸ்தவ சகோதரர் சபையினர். அவர்கள் ஏன் கொடுத்தனர், எதைக் கொடுத்தனர், எதைக் கொடுக்க இயலவில்லை என்பவற்றை ஆராய்வது பெற்றோர்க்கும் மாணவர்க்கும் பயன் தருவதாகும்.

அச்சபையைத் தோற்றுவித்த எட்மன்ட் றைஸ் 1762ஆம் ஆண்டில், கில்கெனி மாவட்டத்துக் கலன் என்னும் ஊரிற் பிறந்தார். அக்காலத்தில் அயர்லாந்திலே கத்தோலிக்கர் ஆசிரியத் தொழில் செய்வதைச் சட்டம் தடுத்திருந்தது. வேலியோரங்களிலும் குடிசைகளிலும் மறைவாக நடந்த பள்ளிகளிலேதான் ஏழைப் பிள்ளைகள் எழுத்தறிந்தனர். றைஸ் தமது இளமைப் பருவத்தில் வோட்டர்போட் துறைமுகப் பட்டினத்துக்குச் சென்று, தந்தையின் சகோதரரோடு சேர்ந்து கப்பல்களுக்கு உணவுப் பொருள் வழங்கும் வணிகத்தில் ஈடுபட்டுப் பெருஞ் செல்வரானார். ஆனால், 1789ஆம் ஆண்டில் அவருடைய இளம் மனைவி இறந்தார். நலங்குன்றிய பெண் குழந்தையொன்றே அவருக்கு எஞ்சியது.

துயரம் சிலரை உலகத்தை வெறுக்கச் செய்யும். சிலரை உலகத்தின் துயரத்தை நோக்கத் திருப்பும். றைஸ் இரண்டாம் வகையினர். துறைமுகத் தெருக்களிற் கல்வியின்றித் திரிந்த சிறுவர்களுக்காக 1802ஆம் ஆண்டில் ஒரு குதிரை லாயத்திலே பள்ளி தொடங்கினார். கூலிக்கு அமர்த்திய ஆசிரியர்கள் அச்சிறுவரின் முரட்டுத்தனத்தைப் பொறுக்கமாட்டாது விலகினர். அதன் பின்னரே சம்பளம் வேண்டாத தோழர்கள் வந்து சேர்ந்தனர். அடுத்து மவுண்ட் சியோன் என்னுமிடத்திற் கட்டிய பாடசாலையோடு, பசித்த பிள்ளைகளுக்கு ரொட்டி சுடும் இல்லமொன்றையும், கந்தலுடுத்தோர்க்கு ஆடை தைக்கும் அறையொன்றையும் அமைத்தார். 1808ஆம் ஆண்டில் அவரும் தோழரும் துறவற வார்த்தைப்பாடு கொடுத்தனர். 1820ஆம் ஆண்டில் பாப்பரசரின் அங்கீகாரமும் கிடைத்தது.

ஈண்டு ஒன்றை நாம் மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். பள்ளி தொடங்கிய நாளில் எட்மன்ட் றைஸ் துறவியல்லர். மனைவியை இழந்த குடும்பத்தவர், ஒரு குழந்தையின் தந்தை, கணக்கறிந்த வணிகர். சபை பிறந்த பின் பள்ளி பிறக்கவில்லை. பள்ளியைக் காக்கவே சபை பிறந்தது.

சபை வளர்ந்தது. அயர்லாந்தின் நகரங்களிலெல்லாம் சகோதரர்களின் பாடசாலைகள் எழுந்தன. விடுதலைப் போர் வீரர் பற்றிக் பியேர்ஸும், பிற்காலத்திற் பிரதமராகவும் சனாதிபதியாகவும் விளங்கிய டி வலேராவும் அவற்றிற் பயின்றவர்களே. 1967ஆம் ஆண்டில் அயர்லாந்து அரசாங்கம் இடைநிலைக் கல்வியை இலவசமாக்கியது. மாணவர் தொகை பெருகியது. அதே காலப்பகுதியிலே துறவறத்தை நாடி வரும் இளைஞர் தொகையோ அருகத் தொடங்கியது. முதிய சகோதரர் ஓய்வு பெற்றனர். அவர்தம் இடத்துக்கு இல்லறத்து ஆசிரியரும் ஆசிரியைகளும் வந்தனர். அதிபர்களும் அவர்களுள்ளிருந்தே தோன்றினர். ஈற்றில், கற்பிப்போர் இல்லறத்தார், உரிமைப் பத்திரத்திலே பெயருடையோர் துறவிகள் என்ற நிலை உண்டாயிற்று.

இந்நிலையிற் சபையார் முன் சில வழிகள் இருந்தன. அரசாங்கத்திடம் கொடுத்துவிடலாம், மேற்றிராணிமாரிடம் கொடுத்துவிடலாம், ஒவ்வொன்றாக மூடி நிலத்தை விற்கலாம். அவர்கள் தெரிந்தது வேறொரு வழி. எட்மன்ட் றைஸ் பாடசாலைகள் தருமகர்த்தா சபை என்ற பெயரால் ஓர் அமைப்பை நிறுவி, ஏறக்குறைய நூறு பாடசாலைகளின் பொறுப்பை 2008ஆம் ஆண்டில் அதனிடம் கையளித்தனர். இதற்கு முந்திய ஆண்டில், இரக்கத்தின் சகோதரிகள் சபை உட்பட ஐந்து துறவற சபையார் ஒன்றுகூடித் தம் பாடசாலைகளை இவ்வாறே ஒரு பொது அமைப்பின் கீழ்க் கொண்டுவந்திருந்தனர்.

இத்தகைய இடைநிலைப் பாடசாலையின் நிருவாகக் குழுவில் எண்மர் அமர்வர். நால்வரைத் தருமகர்த்தா சபை நியமிக்கும். இருவரைப் பெற்றோர் தெரிவு செய்வர். இருவரை ஆசிரியர் தெரிவு செய்வர். ஆசிரியரின் சம்பளத்தை அரசாங்கம் கொடுக்கும். நிருவாகக் குழுக்கள் முன்னரே இருந்தன. மாறியது யாதெனில், நால்வரை நியமிக்கும் அதிகாரமும் பாடசாலையின் நோக்கத்தைக் காக்கும் கடமையும் துறவிகளின் கையினின்று நீங்கியமையே. அந்நோக்கத்தை ஒரு சாசனமாகவும் எழுதிக் கொடுத்தனர். நம்பிக்கையை வளர்த்தல், கூட்டுறவைப் பேணுதல், கற்றலிலும் கற்பித்தலிலும் சிறத்தல், பரிவுள்ள பாடசாலைச் சமூகத்தை ஆக்குதல், மாற்றம் விளைக்கும் தலைமையை ஊக்குதல் என்பன அதன் ஐந்து கூறுகள்.

இம்மட்டோடு கதை முடிந்திருப்பின் அது கேட்பதற்கு இனிய கதையாக இருந்திருக்கும். ஆனால் உண்மை அவ்வளவு எளிதன்று. கையளிப்பு நடந்த மறு ஆண்டிலே, 2009ஆம் ஆண்டு மே மாதத்தில், சிறுவர் துன்புறுத்தப்பட்டமை குறித்து ஆராய்ந்த ஆணைக்குழுவின் அறிக்கை வெளிவந்தது. சகோதரர் சபையார் நடத்திய கைத்தொழிற் பாடசாலைகளிலே அநாதைகளும் ஏழைச் சிறுவரும் பல்லாண்டுகளாக அடிக்கும் கொடுமைக்கும் பாலியல் வன்முறைக்கும் ஆளாகியமையை அது வெளிப்படுத்தியது. பின்னர், துறவற சபைகள் பலவும் நடத்திய பகற் பாடசாலைகளையும் விடுதிப் பாடசாலைகளையும் பற்றி 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த மற்றோர் அறிக்கை, 308 பாடசாலைகளில் நிகழ்ந்தனவாக 2,395 பாலியற் குற்றச்சாட்டுக்களைப் பதிவு செய்தது. ரொட்டி சுட்டுக் கொடுத்த கையின் பெயராலேயே இவை நிகழ்ந்தன என எண்ணும்போது நெஞ்சு பதறுகின்றது.

ஆகவே, எதைக் கையளிக்கலாம், எதைக் கையளிக்க இயலாது என்ற வினா எழுகின்றது. கட்டடத்தைக் கொடுக்கலாம், நியமிக்கும் அதிகாரத்தைக் கொடுக்கலாம், நற்பெயரையுங்கூடக் கொடுக்கலாம். செய்த தீங்குக்குரிய பொறுப்பை மட்டும் பிறர் தலையில் ஏற்றிவிட்டு விலக இயலாது. அது செய்தவரோடும் அவரைக் காத்தவரோடும் நிற்கும் கடன்.

அக்கடனைத் தீர்ப்பதும் எளிதாக இல்லை. 2017ஆம் ஆண்டில் டப்ளின் நகரின் தென்பகுதியிலுள்ள குளொன்கீன் கல்லூரியின் விளையாட்டு நிலத்திற் பெரும்பகுதியை விற்கப் போவதாகச் சகோதரர் சபையார் அறிவித்தனர். துன்புற்றோர்க்குரிய இழப்பீட்டுக்குப் பணம் வேண்டும் என்றனர். பாடசாலையின் நிருவாகக் குழுவோ அவ்விற்பனையை எதிர்த்து நீதிமன்றம் சென்றது. ஒரு பக்கம் நேற்றைய பிள்ளைகளுக்குச் செலுத்த வேண்டிய நீதி. மறுபக்கம் இன்றைய பிள்ளைகள் ஓடி விளையாடும் திடல். இரண்டும் நியாயமானவை, நிலமோ ஒன்று. ஆட்சியைக் கொடுத்துவிட்டு நிலத்தின் உரிமையை வைத்துக்கொண்டால் எத்தகைய சிக்கல் விளையும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இவ்வளவும் நோக்குமிடத்து, கையளிப்பு தவறென்று கொள்வதற்கில்லை. காலந்தாழ்த்தியது என்றே கொள்ளல் வேண்டும். நல்லோர் நடத்துகின்றனர் என்ற நம்பிக்கையிற் கேள்வி கேளாதிருந்த சமூகமே அப்பிள்ளைகளின் அழுகுரலைக் கேளாதிருந்தது. துறவியாயினும் இல்லறத்தாராயினும், கணக்குக் கேட்பார் இல்லாத அதிகாரம் கெடும். எட்மன்ட் றைஸ் என்னும் இல்லறத்தார் தொடங்கிய பணி மீண்டும் இல்லறத்தாரிடம் வந்தமை பொருத்தமே. ஆனால் கைமாறியதனால் மட்டும் அது தூய்மையாகிவிடாது.

அந்த எண்மர் அமரும் மேசையிலே பெற்றோருக்கு இரண்டு ஆசனங்கள் உண்டு என்றோம். முன்னைய தலைமுறையிலே தம் பிள்ளை அழுதுகொண்டு வீடு திரும்பினாலும் யாரிடம் கேட்பதென்று அறியாத பெற்றோர் பலர் இருந்தனர். இன்று கேட்பதற்கு இடமுண்டு. அவ்விரு ஆசனங்களில் அமர்வோர் தலையசைக்க மட்டும் வந்தவராயின், சாசனம் சுவரிலே தொங்கும் அழகிய படமாகிவிடும். பிள்ளைகளின் பொருட்டுக் கேட்க வேண்டியதைக் கேட்பவராயின், லாயத்திலே தொடங்கிய அப்பள்ளியின் உண்மையான வாரிசுகள் அவர்களே ஆவர்.