அயல்நாட்டுச் சாலையில் நம்மூர் ஓட்டுநர்

பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் நடுவே, ஒருபுறம் கெடிலமும் மறுபுறம் தென்பெண்ணையும் ஓடும் அண்ணாகிராமம் ஒன்றியத்துக் கிராமங்களில் ஒரு வாலிபன் கனரக வாகனம் ஓட்டப் பழகுவது பெரும்பாலும் பயிற்சிப் பள்ளியில் அன்று. கரும்பு வெட்டும் பருவத்தில் ஆலைக்குப் போகும் லாரியில் கிளீனராகத் தொற்றிக்கொண்டு, டயரைத் தட்டி ஓசையைக் கொண்டே காற்றின் அளவை நிதானிக்கவும், பின்னோக்கி நகரும் வண்டிக்குப் பக்கத்தில் நின்று குரல் கொடுக்கவும், டிரைவர் அண்ணன் களைத்த நேரத்தில் ஆளில்லாச் சாலையில் ஸ்டியரிங்கைப் பிடிக்கவும் படிப்படியாகக் கற்று, சட்டம் விதித்த இருபது வயது நிரம்பியதும் ஹெவி லைசென்ஸ் வாங்கிக்கொள்வதே இவ்விடத்துக் குருகுல முறை. அந்த வித்தையை நான் குறைவாக மதிப்பவன் அல்லன். பலாப்பழமோ முந்திரி மூட்டையோ ஏற்றிக்கொண்டு, விக்கிரவாண்டி வழியாக இரவெல்லாம் பிரயாணம் செய்து, விடியுமுன் கோயம்பேட்டில் சரக்கை இறக்குகிறவனுடைய நிதானத்தையும் சாமர்த்தியத்தையும் எந்தப் பரீட்சையும் முழுமையாக அளந்துவிடாது.

ஆயினும் அதே மனிதன் ஊரில் வட்டிக்குக் கடன் வாங்கி, ஏஜென்டிடம் பணம் கட்டி, ரியாத்திலோ ஷார்ஜாவிலோ குவைத்திலோ ஒரு டிரெய்லரின் மேல் ஏறி அமரும்போது, இத்தனை வருஷத்து அனுபவத்தில் பாதி அவனுக்கு உதவியாகவும் மறுபாதி அவனுக்கே விரோதமாகவும் நிற்கிறது. பரங்கிப்பேட்டையும் லால்பேட்டையும் தலைமுறைகளாக வளைகுடாவோடு உறவு கொண்ட ஊர்கள். அங்குள்ள குடும்பங்களில் எடுத்துச் சொல்லப் பெரியவர்கள் உண்டு. நம் பக்கத்துக் கரும்புக்காட்டு வாலிபனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. சாலை எங்கும் சாலைதான், வண்டி எங்கும் வண்டிதான் என்ற தைரியம் ஒன்றே அவனுடைய மூட்டை முடிச்சு. அந்தத் தைரியத்தோடு கூட அந்நாட்டு விதிகளையும் அவன் கையில் கொடுத்து அனுப்பவேண்டிய கடமை நமக்கு இருக்கிறது என்பதையும், அக்கடமையை நாம் இதுவரை ஏறக்குறைய முழுவதுமாகத் தனியார் ஏஜென்டுகளின் நாணயத்துக்கு விட்டுவிட்டோம் என்பதையுமே இங்கே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் லைசென்ஸ் விவகாரத்தையே எடுத்துக்கொள்வோம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெறும் சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டு, 1949-ஆம் வருஷத்து ஜெனீவா உடன்படிக்கையின் வழி வந்தது, ஓராண்டு செல்லும். சுற்றிப் பார்க்கப் போகிறவனுக்கு அது பிரயோஜனப்படும். குடியிருப்பு அனுமதி பெற்றுச் சம்பளத்துக்கு லாரி ஓட்டப் போகிறவனுக்கு அது பெரும்பாலும் வெறுங்காகிதம். அவன் அந்தந்த நாட்டின் உரிமத்தையே பெற்றாகவேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் சில நாடுகளின் உரிமத்தைப் பரீட்சையின்றி மாற்றிக்கொடுக்கும் சலுகை உண்டென்றாலும், சாதாரண இந்திய உரிமத்துக்கு அச்சலுகை கிடையாது. ஆகவே பத்து வருஷம் பதினான்கு சக்கர வண்டி ஓட்டியவனும் அங்கே வகுப்பில் உட்கார்ந்து, கண் பரிசோதனைக்கு நின்று, சாலைத் தேர்வில் தோற்று, மறுபடி பணம் கட்டி எழுதுகிறான். அந்த மாதங்களில் சம்பளம் உண்டா, பயிற்சிக் கட்டணம் யாருடையது என்ற இரண்டு கேள்விகளை ஊரை விட்டுப் புறப்படும் முன் கேட்டவர்கள் எத்தனை பேர்?

அடுத்தது, வண்டி எந்தப் பக்கம் போகவேண்டும் என்பது. வளைகுடா நாடுகள் அனைத்திலும் வாகனம் சாலையின் வலப்புறம் செல்லும். ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். இது ஒரு நாளில் மனத்தில் பதிந்துவிடும் என்று கேட்பவர்கள் நினைக்கலாம். மனத்தில் பதிவது சுலபந்தான், உடம்பில் பதிவதுதான் பிரயாசை. நேரான நெடுஞ்சாலையில் யாரும் தவறுவதில்லை. எதிரே வண்டியில்லாத அதிகாலையில், தூக்கம் முழுதும் கலையாத நிலையில், கிடங்கின் வாசலிலிருந்து சாலைக்குத் திரும்பும் அந்த ஒரு க்ஷணத்தில்தான் இருபது வருஷப் பழக்கம் கையைப் பிடித்து இடப்பக்கம் இழுக்கிறது. ரவுண்டானாவில் நாம் வலஞ்சுழியாகச் சுற்றுகிறோம். அவர்கள் இடஞ்சுழியாகச் சுற்றுகிறார்கள். உள்ளே ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கு வழிவிட்டு, நுழையப் போகிறவன் காத்து நிற்கவேண்டும் என்பது அங்கே தலையாய விதி. நம்முடைய ரவுண்டானாக்களிலோ பெரிய வண்டியும் பெரிய ஹாரனும் எவருடையதோ அவருக்கே முதல் மரியாதை. கண்ணாடியில் தெரியாமல் மறையும் இடமும் பக்கம் மாறிவிடுகிறது. நாற்பது டன் பாரத்தோடு வலப்பக்கம் ஒதுங்கும்போது அங்கே ஒரு சிறு கார் ஒளிந்திருப்பதை அறிய, கழுத்தே புதிதாகப் பழகவேண்டும்.

சிங்கப்பூரில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே நம்மைப் போலவே இடப்புறம். 2025 செப்டம்பர் முதல் இந்தியா உள்ளிட்ட நாடுகளின் தொழிலாளருக்குக் கனரக ஓட்டுநர் வேலையையும் அந்நாடு திறந்துவிட்டிருப்பதால், இனி நம் கடலூர் ஜில்லாவிலிருந்து அங்கே போவோரின் எண்ணிக்கை பெருகக்கூடும். ஆனால் விரைவுச்சாலையிலும் லாரிக்கு மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் அனுமதியில்லை என்பதை அவர்கள் அறிந்து போவது நல்லது.

அபராதத்தின் அளவைக் கேட்டால் நம்மூர் ஓட்டுநருக்குத் தலை சுற்றும். அமீரகத்தின் 2017-ஆம் வருஷத்து விதிப்படி, சிவப்பு விளக்கைத் தாண்டும் கனரக வாகனத்துக்கு 3,000 திர்ஹம் அபராதம், ஓராண்டு உரிம முடக்கம். ஓராண்டு உரிமம் இல்லாத ஓட்டுநரை எந்த முதலாளி வைத்துச் சோறு போடுவான்? அங்கே கைநீட்டிப் பேசி அனுப்பிவிடப் போலீஸ்காரர் ஒருவர் நிற்பதில்லை, கேமரா நிற்கிறது. சவூதியில் 'சாஹர்' என்னும் கேமரா முறை 2010-லேயே வந்துவிட்டது.

இவற்றையெல்லாம் விடக் கனமானது உயிர்ச்சேதத்துக்கான 'தியா' என்னும் இழப்பீடு. நம் நாட்டில் விபத்து என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி, கிளெய்ம் கோர்ட்டு, வக்கீல், வாய்தா என்று அது ஓட்டுநரின் தலையைத் தாண்டிப் போய்விடுகிறது. அமீரகத்தில் ஓர் உயிருக்கு இரண்டு லட்சம் திர்ஹம், சவூதியில் எதிர்பாராத மரணத்துக்கு மூன்று லட்சம் ரியால் என்று கணக்கு ஏற்பட்டிருக்கிறது. கட்டாயக் காப்பீடு பெரும்பாலும் இதை ஏற்கிறது என்பது உண்மையே. ஆனால் அந்த வகை வண்டிக்கு உரிய உரிமம் இல்லாமல் ஓட்டினான், மது அருந்தியிருந்தான் என்று ஒரு காரணம் அகப்பட்டால் காப்பீடு கைவிரிக்கும், அல்லது கொடுத்துவிட்டு அவனிடமே திரும்பக் கேட்கும். 2019 ஜூன் 6-ஆம் தேதி மஸ்கட்டிலிருந்து துபாய்க்கு வந்த பஸ், உயரமான வண்டிகள் நுழையக்கூடாத பாதையில் நுழைந்து, உயரத் தடுப்பில் மோதியதில் 17 பேர் மாண்டார்கள். அவர்களில் 12 பேர் இந்தியர். ஓட்டுநர் ஓமான் நாட்டவர். அதே பக்கம் ஓட்டிப் பழகியவர், அதே பாஷை பேசுபவர், பலகையைப் படிக்கத் தெரிந்தவர். அவருக்கே துபாய்ப் போக்குவரத்து நீதிமன்றம் ஏழாண்டுச் சிறையும், இறந்தோர் குடும்பங்களுக்கு 34 லட்சம் திர்ஹமும் விதித்தது. மேலும் கீழும் அரபியும் ஆங்கிலமும் எழுதிய பலகையின் கீழே, மூன்று மீட்டர் உயரத்து வண்டியோடு நம் வாலிபன் நிற்பதை நினைத்துப் பார்க்கவேண்டும்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். ஓட்டுநரை வேலைக்கு வைப்பவன் முதலாளி. பயிற்சி கொடுக்கவேண்டியவனும் அவனே. நம் சர்க்கார் எதற்காக இதில் தலையிடவேண்டும் என்பார்கள். கானடா தேசத்தில் நடந்த ஒரு விபரீதம் இதற்கு மறுமொழி. 2018 ஏப்ரல் 6-ஆம் தேதி சஸ்காச்சுவான் மாகாணத்தில், வேலையில் சேர்ந்து சில வாரங்களே ஆன ஓர் இந்திய ஓட்டுநர், இரட்டை டிரெய்லருடன் 'நில்' பலகையைக் கவனியாமல் சந்திப்பைக் கடக்க, ஹம்போல்ட் ஊர் ஹாக்கி வீரர்களை ஏற்றி வந்த பஸ் மோதி 16 பேர் இறந்தார்கள். ஓட்டுநர் குற்றத்தை ஒப்புக்கொண்டார், எட்டாண்டுச் சிறை. ஓட்டுநர்களின் நேரக் குறிப்பேட்டையும் பாதுகாப்பு விதிகளையும் கவனியாத கம்பெனி உரிமையாளரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவருக்கு 5,000 டாலர் அபராதம். இந்த இரண்டு தண்டனைகளையும் அருகருகே வைத்துப் பார்த்த எவரும், பயிற்சி தருவதை முதலாளியிடமே விட்டுவிடலாம் என்று சொல்லத் துணியமாட்டார். அவ்விபத்துக்குப் பிறகுதான், புதிதாகக் கனரக உரிமம் கேட்போர் 121 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி பெறவேண்டும் என்று 2019-இல் அம்மாகாணம் கட்டாயமாக்கியது.

வேலை நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐரோப்பாவில் லாரி ஓட்டுநர் நான்கரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி ஓய்வெடுத்தே தீரவேண்டும். ஒரு நாளில் ஒன்பது மணி, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து மணி, வாரம் முழுதும் 56 மணி என்பது 2006-ஆம் வருஷத்து விதி. இதைக் கேட்டு நம்மவர்கள், அது வெள்ளைக்காரர் நாடு என்று பெருமூச்சு விடுவதுண்டு. அப்படிப் பெருமூச்சு விடுவதற்கு இடமே இல்லை. எட்டு மணி வேலையும், ஐந்து மணிக்கு ஒருமுறை அரைமணி ஓய்வும் வேண்டுமென்று நம் பார்லிமெண்டு 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தை இயற்றிவிட்டது; ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் தன் முதல் ஓட்டுநேர விதியை எழுதியது 1969-இல்தான். அங்கே வண்டியிலேயே பொருத்திய டேக்கோகிராப் என்னும் கருவி ஒவ்வொரு நிமிஷத்தையும் பதிவு செய்கிறது. இங்கே ஐந்து தொழிலாளருக்குக் குறைந்த முதலாளியைச் சட்டம் தொடவேயில்லை. ஒற்றை லாரிக்காரர் நிறைந்த நம் நாட்டில் அந்த விலக்கின் அர்த்தத்தைச் சொல்லவேண்டியதில்லை. அச்சட்டமும் இப்போது 2020-ஆம் வருஷத்துத் தொகுப்புச் சட்டத்துக்குள் அடங்கிவிட்டது. லாரியின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்று 2025 அக்டோபர் முதல் வந்திருக்கும் விதி நல்லதே. தூங்காத கண்ணுக்கு அந்தக் குளிர்ச்சி என்ன செய்யும் என்பதும் யோசிக்கத்தக்கது. ஊரிலே ஓய்வு என்பதை உரிமையாக அறியாதவன், அயல்நாட்டிலும் அதைக் கேட்கத் தெரியாமல் பதினாறு மணி நேரம் ஓட்டுகிறான்.

செய்யவேண்டியது மலையளவு காரியம் அன்று. 1978 முதல் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் கனரக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. மத்திய சர்க்கார் நடத்தும் புறப்படுமுன் பயிற்சி, வீட்டு வேலைக்குப் போகிறவருக்கும் கட்டட வேலைக்குப் போகிறவருக்கும் பொதுவானது. ஸ்டியரிங் பக்கம் மாறுவதைப் பற்றி அது பேசுவதில்லை. இவற்றை இணைத்து, இடப்பக்க ஸ்டியரிங் வைத்த ஒரு பழைய டிரெய்லரையும், மூடிய மைதானத்தில் ஒரு ரவுண்டானாவையும், அரபிப் பலகைகளின் மாதிரிகளையும், ஆக்ஸில் எடைக் கணக்கையும் வைத்துக்கொண்டு, கடலூர் சிப்காட் பக்கத்தில் இரண்டு வாரப் பயிற்சி ஒன்று நடத்தினால், பண்ருட்டியிலிருந்தும் குறிஞ்சிப்பாடியிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் வாலிபர்கள் பஸ் ஏறி வந்து படித்துப் போவார்கள். விதிகளைத் தமிழில், நாடுவாரியாக, சட்டைப்பையில் அடங்கும் சிறு புத்தகமாக அச்சிடுவதற்கு ஆகும் செலவு ஒரு பாலத்தின் திறப்பு விழாப் பந்தலுக்குக்கூடக் காணாது. ஜில்லா நிர்வாகமும் நம் சட்டமன்ற உறுப்பினர்களும் இதை ஒரு கோரிக்கையாக ஏற்று எடுத்துச் செல்லவேண்டும்.

அதுவரை, புறப்பட நிற்கும் தம்பிகளுக்குச் சொல்வது இதுதான். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணத்தின் உச்ச வரம்பு வரி நீங்கலாக 30,000 ரூபாய். லட்சக்கணக்கில் கேட்பவனிடம் ரசீது கேளுங்கள். பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் குடியகல்வு அனுமதியில்லாமல், விசிட் விசாவில் போகவேண்டாம். 'ஹவுஸ் டிரைவர்' என்றோ வெறும் தொழிலாளி என்றோ விசா அடித்துவிட்டு, போன பிறகு டிரெய்லர் கொடுப்போம் என்று சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்த வண்டியில் ஒரு விபத்து நேர்ந்தால் காப்பீடும் உங்களுக்கில்லை, சட்டமும் உங்களுக்கில்லை. கனரக ஓட்டுநர் என்ற பதவியும், உரிமம் பெறும் காலத்துச் சம்பளமும், பயிற்சிக் கட்டணம் யாருடையது என்பதும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா என்று, படித்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.