உயரத்து மேகம் குற்றவாளியா?

சூரியனின் புற ஊதாக் கதிர் தடையில்லாமல் விழுந்தால் தோலும் கண்ணும் கெடும். பயிருக்கும் கேடு. அதைத் தடுத்து நிறுத்துவது வானில் உள்ள ஓசோன் என்ற வாயு.

அந்த ஓசோனை அழிப்பது யார்? "பனி மேகம்" என்று ஒரு பேச்சு உண்டு. காரணம் இல்லாமல் இல்லை. தென் துருவத்துக்கு மேலே ஓசோன் பெரிதும் குறைந்துவிட்டதைப் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் 1985-ல் அறிவித்தார்கள். அங்கே பனி மேகத் துகள்களின் மீதுதான் குளோரின் வீரியம் பெற்று ஓசோனை அழிக்கிறது.

ஆனால், ஓர் ஊரில் நடந்த திருட்டுக்கு அடுத்த ஊர்க்காரனைப் பிடித்து அடைப்பதா? பூமத்திய ரேகைப் பக்கத்துப் பனி மேகத்தின் கதையே வேறு.

இங்கே ஈரக் காற்று இடி மேகத்தோடு உயரே ஏறுகிறது. சுமார் 17 கிலோ மீட்டர் உயரத்தில் கடுங்குளிர். பூஜ்யத்துக்குக் கீழே 80 டிகிரி! நீராவி உறைந்து பனித் துகளாகிறது. பெரிய துகள்கள் கனத்தினால் கீழே இறங்கிவிடுகின்றன. காய்ந்த காற்றுதான் ஓசோன் மண்டலத்துக்குப் போகிறது. பத்து லட்சம் பங்கு காற்றில் நீராவி சுமார் நாலு பங்குதான். பாலைவனக் காற்றுகூட இவ்வளவு வறண்டதல்ல.

இதை ஊகித்துச் சொன்னவர் ஆலன் புரூவர். இங்கிலாந்தின் மேலே விமானத்தில் அளந்தபோது உயரத்துக் காற்று அதிசயமாகக் காய்ந்திருந்தது. அவ்வளவு குளிர் பூமத்திய ரேகைப் பக்கத்து வானில்தான் உண்டு. ஆகவே அந்தக் காற்று அங்கேதான் ஏறியிருக்க வேண்டும் என்று 1949-ல் எழுதினார். கெட்டிக்காரர்!

நீராவி மிஞ்சினால் என்ன? அதிலிருந்து ஓசோனை அழிக்கும் துணுக்குகள் பிறக்கும். ஆக, இந்த மேகம் திருடன் அல்ல, காவல்காரன்.

இந்தப் பனியிலும் குளோரின் வீரியம் பெறலாம் என்று சில விஞ்ஞானிகள் வாதிக்கிறார்கள். இருக்கட்டும். குளோரினை அவ்வளவாக மேலே அனுப்பியது மேகமா? குளிர்பெட்டியில் மனிதன் அடைத்த வாயு அல்லவா? அதனால்தான் 1987-ல் மான்ட்ரியலில் உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டன.

2022 ஜனவரியில் டோங்கா தீவுகளில் கடலடி எரிமலை வெடித்தது. சுமார் 15 கோடி டன் நீர், காவலைத் தாண்டி நேரே மேலே போயிற்று. சில நாட்களிலேயே இந்து மகா சமுத்திரத்தின் மேலே ஓசோன் குறைந்ததைக் கருவிகள் காட்டின.

எரிமலை தேவையில்லை. அந்தக் குளிர்ந்த இடம் ஒரு டிகிரி சூடேறினாலே நீராவி கூடுதலாக நுழையும். பலூனில் கருவி கட்டி அனுப்புவதை வீண் செலவு என்று சொல்வது தவறு. துணைக்கோள் தூரத்திலிருந்துதான் பார்க்கும். மேகத்துக்குள்ளேயே புகுந்து குளிரையும் ஈரத்தையும் அளந்து வருவது பலூன்.